கர்ப்பம் என்று தெரியாமல் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன், கருவைக் கலைக்க வேண்டுமா?

குடியாத்தம் பக்கத்தில் இருந்து ஒரு பெண் கேட்ட கேள்வி இது. சுருக்கமாகச் சொன்னால்: கடைசி மாதவிடாய் ஜூன் 2. ஜூன் 26 அன்று பள்ளிகொண்டா கிட்ட ஸ்கூட்டியில் இருந்து விழுந்ததில் இடுப்பில் அடி. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஜூலை 9 அன்று கார்டில் இரண்டு கோடு வந்தது. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து நின்ற கரு. "எக்ஸ்ரே பட்ட கரு ஊனமாத்தான் பிறக்கும், கலைச்சிடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தெரிந்த மெடிக்கலில் மாத்திரை தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் இப்போது உள்பக்க ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் கருவுக்கு ஆகாது என்கிறார்களே, என்ன செய்யட்டும் அக்கா என்பது கேள்வி.

தங்கச்சி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு எக்ஸ்ரேக்காக இந்தக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. அந்த மாத்திரையைக் கையால் தொடாதீர்கள். டாக்டர் எழுதிய ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் எடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. வேலூர் பக்கத்து மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, சி.டி. அறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்களைப் போல முகம் வெளிறி வந்து நின்ற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து, சிகிச்சை பற்றி உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் கதிர் எவ்வளவு பட்டது, அதற்கு என்ன அர்த்தம் என்பதை என்னால் விளக்க முடியும்.

எக்ஸ்ரே என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பதால்தான் இவ்வளவு பயம். உடம்பின் எந்த இடத்தில் எடுத்தார்கள், கருவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, அன்று கருவுக்கு எத்தனை நாள் என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கருவுக்குப் போய்ச் சேரும் கதிரின் அளவை மில்லிகிரே என்ற அலகில் சொல்வோம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேயைத் தாண்டாது. பல், கை, கால் எக்ஸ்ரேயில் அதைவிடவும் குறைவு. அங்கே கதிர் படுகிற இடத்தில் கரு இல்லை. உடம்புக்குள் சிதறி வருகிற துளிதான் அடிவயிறு வரை வரும். தலைக்கு எடுக்கும் சி.டி.யும் அப்படித்தான். இடுப்பு முதுகெலும்புக்கு எடுப்பது வேறு கதை. அதில் கதிர் அடிவயிறு வழியாகவே போகிறது. அதனால் 1 முதல் 10 மில்லிகிரே வரை கருவுக்குப் போகலாம். உங்களுக்கு எடுத்தது இந்த வகை. வயிறு, இடுப்பு சி.டி. என்றால் இன்னும் அதிகம், 50 வரைக்கும் போகும்.

சரி, 10 மில்லிகிரே என்றால் பெரிதா சிறிதா? எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாத பெண்ணின் கருவுக்கும் மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் இயற்கையாகவே கதிர் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிரசவம் வரைக்கும் கணக்குப் போட்டால் அது 0.5 முதல் 1 மில்லிகிரே. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்தின் கொல்லம் கடற்கரைகளில் மோனசைட் மணல் இருப்பதால் இயற்கைக் கதிரே பல மடங்கு அதிகம். கொல்லம் பக்கம் பிறந்த குழந்தைகளைப் பல வருடங்களாக ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மற்ற இடங்களைவிடப் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை.

உச்சபட்ச அளவையும் சொல்லிவிடுகிறேன். 50 மில்லிகிரேக்குக் கீழே கருவுக்கு ஊனமோ கருச்சிதைவோ கூடியதாகக் காணப்படவில்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு சொல்கிறது. 100 மில்லிகிரேக்குக் கீழே பட்ட கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பதில் நியாயம் இல்லை என்று சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000ஆம் ஆண்டில் தெளிவாகவே எழுதி வைத்தது. உங்களுக்குப் பட்டது அதிகம் போனாலும் 10. அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்தது நாள் கணக்கு. ஜூன் 2 மாதவிடாய் என்றால், 28 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கரு உண்டாவது ஜூன் 16 வாக்கில். எக்ஸ்ரே எடுத்தது ஜூன் 26. அதாவது கரு உருவாகிப் பத்து நாள். கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்கிற நேரம் அது. கையும் இல்லை, காலும் இல்லை, எந்த உறுப்பும் உருவாகத் தொடங்காத ஒரு கொத்து செல்கள். அந்த முதல் இரண்டு வாரத்தில் மிக அதிகமான கதிர் பட்டால் கரு தங்காமலே போய்விடும். தங்கினால் குறையில்லாமல் வளரும். மருத்துவத்தில் இதை "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" காலம் என்பார்கள். அப்படிக் கரு தங்காமல் போவதற்கே 50 முதல் 100 மில்லிகிரே வேண்டும். உங்கள் கரு தங்கிவிட்டது. கார்டில் வந்த கோடு அதைத்தான் சொல்கிறது. அது கருப்பைக்குள் சரியாக இருக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லும்.

கரு உண்டான இரண்டாவது வாரத்தில் இருந்து எட்டாவது வாரம் வரை உறுப்புகள் உருவாகும். எட்டாவது வாரத்தில் இருந்து பதினைந்தாவது வாரம் வரை மூளை வேகமாக வளரும். கதிருக்கு மூளை மிகவும் நோகிற காலம் இந்த இரண்டாவது கட்டம்தான். இது 1945இல் ஹிரோஷிமா, நாகசாகியில் வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிய வந்தது. அங்கே பாதிப்பு தெரிந்ததெல்லாம் 60 மில்லிகிரேக்கு மேல், பெரும்பாலும் நூற்றுக்கணக்கில். உங்கள் எக்ஸ்ரே நாளிலும் பொருந்தவில்லை, அளவிலும் பொருந்தவில்லை.

அப்படியானால் பெரியவர்களின் பயம் வெறும் மூடநம்பிக்கையா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் இரட்டைக் குழந்தையா, இடுப்பெலும்பு போதுமான அகலமா என்று பார்க்க நிறைமாதப் பெண்களின் வயிற்றையே எக்ஸ்ரே எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் மருத்துவர்தான் 1956இல், அப்படி எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் பிற்காலத்தில் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் காட்டினார். முதலில் அவரைப் பலர் நம்பவில்லை. கடைசியில் அந்தப் பழக்கமே நின்றுபோனது. அந்த எச்சரிக்கை இன்றும் சரிதான். 10 மில்லிகிரே பட்டால், அந்தக் குழந்தைக்குப் பத்தொன்பது வயதுக்குள் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்பது ஆயிரத்தில் நான்காகலாம் என்று அதே சர்வதேச ஆணையம் மதிப்பிடுகிறது. பிறவிக் குறை ஏற்படும் வாய்ப்பில் மாற்றம் இல்லை. எக்ஸ்ரே எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நூறு குழந்தையில் சுமார் மூன்று குழந்தைக்கு ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஒன்றுமே ஆகாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் யாராவது பயமுறுத்தும்போது அந்தப் பெண்ணிடம் பதில் இருக்காது. உண்மையான எண்ணைச் சொன்னால் அவளே பேசுவாள்.

பயம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது கிரீஸ் நாடு. அங்கே போய்ச் சேர்ந்த கதிர் மிகக் கொஞ்சம். ஆனாலும் பயத்தில், வேண்டும் என்று சுமந்த கருக்களையே பெண்கள் கலைத்துக்கொண்டார்கள். சுமார் 2,500 கருக்கள் அப்படிப் போயின என்று அந்த நாட்டு ஆய்வாளர்களே 1987இல் எழுதினார்கள். கதிரால் போனவை இல்லை அவை. சரியான எண்ணைச் சொல்ல டாக்டர்கள் தயங்கியதால் போனவை. நம்ம ஊரில் இப்படிப் போனவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை.

இப்போது அந்த மாத்திரை விஷயம். கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் பரிசோதித்து, ஸ்கேன் பார்த்து, அவர் பொறுப்பில்தான் கொடுக்க வேண்டும். சட்டமும் அதுதான். உங்களுக்கு இன்னும் ஸ்கேனே எடுக்கவில்லை. கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் நின்றிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. "மாத்திரை போட்டாச்சு, அதான் வலி" என்று வீட்டிலேயே படுத்திருப்பார்கள். குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்றும் கேளுங்கள். அந்த மாத்திரை பாதி வேலை செய்து கரு தப்பிப் பிழைத்தால், குழந்தையின் கை கால், முக நரம்புகளில் குறை வர வாய்ப்பு உண்டு என்று பதிவாகியிருக்கிறது. எந்த ஊனத்துக்குப் பயந்து மாத்திரையைத் தேடுகிறார்களோ, அதை அந்த மாத்திரையே கொண்டுவரக்கூடும்.

ஸ்கேனுக்கு வருவோம். கர்ப்ப ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் துளியும் கிடையாது. அது ஒலி. நம் காதுக்குக் கேட்காத அளவு அதிர்வு கூடிய ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1958இல் இதைப் பற்றி எழுதியதில் இருந்து இன்று வரை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கர்ப்பிணிகளுக்கு எடுத்தாகிவிட்டது. சாதாரண கருப்பு வெள்ளை ஸ்கேனால் கருவுக்குக் கெடுதல் என்று இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை.

உள்பக்க ஸ்கேன் என்றால் நம் பெண்கள் பதறுகிறார்கள். அந்தக் கருவி பிறப்புறுப்புப் பாதையில் மட்டும்தான் இருக்கும். கருப்பைக்குள் நுழையாது, கருவைத் தொடாது. மேலே உறை போட்டுத்தான் எடுப்பார்கள். பெண் டாக்டரோ, கூட ஒரு நர்ஸோ இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். கடைசி மாதவிடாயில் இருந்து எண்ணி ஆறு வாரத்தில் வயிற்றின் மேலே வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியாது என்பதால்தான் உள்ளே வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். "ஸ்கேன் எடுத்த மறுநாளே கலைஞ்சிடுச்சு" என்ற கதையை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். நின்ற கருக்களில் பத்தில் ஒன்றுக்கும் மேல் முதல் மூன்று மாதத்தில் தானாகவே கலைகின்றன. பெரும்பாலும் குரோமோசோம் கோளாறுதான் காரணம். ரத்தக்கசிவு தொடங்கிய பிறகுதான் பலர் ஸ்கேனுக்கே வருகிறார்கள். கலைவது முன்பே தொடங்கியிருக்கும், பழி ஸ்கேன் மேல் விழும்.

ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஒரே இடத்தில் ஒலியைக் குவிப்பதால் அந்த இடம் கொஞ்சம் சூடாகும். அதனால் முதல் பத்து வாரத்தில் தேவையில்லாமல் டாப்ளர் போடக்கூடாது என்பது விதி. ஆறு வாரத்தில் இதயத்துடிப்பைத் திரையில் பார்க்கலாம், கோடாகப் பதிவு செய்து எண்ணலாம், அது போதும். "சத்தம் கேட்கணும் டாக்டர்" என்று அடம் பிடிக்காதீர்கள். ஆன்லைனில் விற்கும் கையடக்க டாப்ளரை வாங்கி வீட்டில் தினமும் வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். துடிப்பு கேட்கவில்லை என்றால் வீண் பயம். கேட்டுவிட்டால் வீண் தைரியம், அதில்தான் ஆபத்து அதிகம்.

இந்த ஸ்கேனுக்குப் பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்க ஒன்று எழுதுவார்கள். இரண்டையும் விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்க வேண்டிய பதிவு, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

எக்ஸ்ரேக்குப் பயந்து எடுக்காமல் விடுவதும் ஆபத்துதான், அதையும் சொல்ல வேண்டும். நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் நெருக்கமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். வீட்டில் ஒருவருக்குக் காசநோய், கர்ப்பிணிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதுவார். கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் கீழே என்று மேலே சொன்னேன். கண்டுபிடிக்காத காசநோயோ தாயையும் குழந்தையையும் சேர்த்தே வாட்டும். "மாசமா இருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விபத்து, நுரையீரலில் ரத்தக்கட்டி சந்தேகம் என்றால் சி.டி.க்கும் இதே பேச்சுதான். தாய் பிழைத்தால்தான் பிள்ளை.

ஈயக் கவசம் பற்றியும் கேட்பார்கள். லெட் ஏப்ரன் கொடுக்கவில்லை என்று எக்ஸ்ரே அறையில் சண்டையே நடக்கும். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்கு வரும் கொஞ்சமும் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. வெளியே போர்த்தும் கவசம் அதைத் தடுக்காது. கதிர் படும் இடத்தில் கவசம் வந்துவிட்டால், கருவி தானாகவே அளவைக் கூட்டிவிடவும் கூடும். அதனால்தான் 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், நோயாளிக்குக் கவசம் போர்த்துவதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொன்னது. கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை, காந்தம்தான். தேவைப்பட்டால் முதல் மூன்று மாதத்திலும் எடுக்கலாம். கடோலினியம் என்ற ஊசி மருந்தை மட்டும் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் கர்ப்பிணிக்கு அறவே கூடாது. பத்து, பன்னிரண்டு வாரத்தில் இருந்து குழந்தையின் தைராய்டே அதை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சிகிச்சை எடுத்தவர்கள் ஆறு மாதமாவது கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலூரில் நர்ஸிங், ரேடியோகிராஃபி படிக்கும், வேலை பார்க்கும் பெண்கள் அதிகம் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரு நின்றது தெரிந்த அன்றே பொறுப்பாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட் (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை 1 மில்லிகிரே என்றே வைத்துக்கொள்ளலாம்) என்பதுதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் எல்லை. மறைத்தால் வேலையை மாற்றிக் கொடுக்க வழி இல்லாமல் போகும்.

இன்னொரு ஆதங்கமும் எனக்கு உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் நிறைய வீடுகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஒரு எக்ஸ்ரேக்கு ஊரே கூடிப் பயப்படுகிறது. எட்டு, ஒன்பது மாதம் வரைக்கும் புகையிலைத் தூளைத் தொட்டுக்கொண்டும் மூச்சில் இழுத்துக்கொண்டும் இருப்பதைப் பற்றி யாரும் அந்தப் பெண்ணிடம் கேட்பதில்லை. நீங்கள் பீடி சுற்றுகிறவர் என்றால் பிரசவம் வரைக்கும் நிறுத்திவையுங்கள். வீட்டில் யார் சுற்றினாலும் நீங்கள் இருக்கும் அறையில் வேண்டாம். கூலி போகும் என்பது தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எக்ஸ்ரே ஃபிலிமையும் ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியும் எத்தனை படம் என்பதும் அதில் இருக்கும். விழுந்தபோது என்னென்ன வலி மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயைவிட அது டாக்டருக்கு முக்கியமாகப் படலாம். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டார் அப்போதும் நம்பவில்லை என்றால், சி.எம்.சி. போல கதிர் சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளர் இருப்பார். டாக்டர் மூலமாக அவரிடம் கேட்டால், உங்கள் கருவுக்குப் பட்ட அளவைக் கணக்கிட்டுச் சொல்வார். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் காதாலேயே கேட்கட்டும். நர்ஸம்மாவிடம் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றே தொடங்குங்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அர்த்த ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.